உதைக்கும் பந்தை மறந்த ஓராண்டு: ஃபார்ட்டி நைனர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஜனவரி 2025

தலைமை நிர்வாகி திரு. ஜெட் யார்க், பொது மேலாளர் திரு. ஜான் லின்ச், தலைமைப் பயிற்சியாளர் திரு. கைல் ஷனஹான் ஆகியோருக்கு,

வணக்கம். சன்னிவேலிலிருந்து எழுதுகிறேன். உங்கள் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடும் லீவைஸ் அரங்கம் எங்கள் வீட்டிலிருந்து பக்கம்தான். ஆட்டம் நடக்கும் நாளில் டாஸ்மன் டிரைவ் பக்கம் காரை எடுக்க மாட்டோம். அந்த அளவுக்கு உங்கள் அட்டவணை எங்கள் வீட்டு அட்டவணையும் ஆகிவிட்டது.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. சான்டா கிளாராவிலும் சன்னிவேலிலும் ஃப்ரீமான்டிலும் உங்கள் அணியை உயிராகப் பார்க்கும் தமிழ் வீடுகள் நிறைய இருக்கின்றன. கிரிக்கெட்டோடு வளர்ந்து, இங்கே வந்தபிறகு ஆபீஸ் நண்பர்கள் மூலமாகவோ பிள்ளைகள் மூலமாகவோ இந்த ஆட்டத்துக்குள் வந்தவர்கள் நாங்கள். இந்த ஆண்டு எங்களுக்கும் வலித்தது. அதை எங்கள் மொழியிலேயே சொல்லிவிட நினைத்தேன்.

ஜனவரி 5 அன்று கிளெண்டேலில் அரிசோனாவிடம் 47-24 என்று தோற்று சீசனை முடித்தீர்கள். 17 ஆட்டங்களில் 6 வெற்றி, 11 தோல்வி. லீகின் ஒரு பாதியான என்எஃப்சியில், மேற்குப் பிரிவில் கடைசி இடம். சரியாகப் பதினொரு மாதத்துக்கு முன்னால் இதே அணி லாஸ் வேகஸில் லீகின் கோப்பைக்கான இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் ஆடிக்கொண்டிருந்தது. கூடுதல் நேரம் வரை போய், கான்சாஸ் சிட்டியிடம் 25-22 என்று தோற்றது. 2019, 2021, 2022, 2023 என்று ஐந்து ஆண்டுகளில் நான்கு முறை என்எஃப்சி இறுதி ஆட்டத்துக்குப் போன அணி இது. அதில் இரண்டு முறை சூப்பர் பவுலுக்கும் போனது. கோப்பை மட்டும் கைக்கு வரவில்லை. 1995 ஜனவரியில் ஸ்டீவ் யங் வாங்கிக் கொடுத்த ஐந்தாவது கோப்பைதான் கடைசி. இந்த மாதத்தோடு முப்பது வருடம் ஆகிறது.

முதலில் காயங்களைப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். உண்மைதான். 2023-இல் ஓடி ஓடி லீகின் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருதை வாங்கிய கிறிஸ்டியன் மெக்காஃப்ரி இந்த ஆண்டு ஆடியது நான்கே ஆட்டம். குதிகால் தசைநார் சரியாகி நவம்பரில் வந்தார், டிசம்பர் முதல் தேதி பஃபலோ பனியில் முழங்கால் போயிற்று. பிராண்டன் ஐயுக் அக்டோபரில் முழங்கால் கிழிந்து வெளியேறினார். ஜேவன் ஹார்கிரேவ் மூன்றாவது வாரத்திலேயே போய்விட்டார். ட்ரென்ட் வில்லியம்ஸ், நிக் போசா, டாலனோவா ஹுஃபாங்கா எல்லோரும் வாரக்கணக்கில் வெளியே இருந்தார்கள். ஃபிரெட் வார்னர் நான்காவது வாரத்தில் கணுக்கால் எலும்பு முறிந்தும் வெளியே சொல்லாமல் சீசன் முழுக்க ஆடியிருக்கிறார். அதைக் கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

ஆட்டத்தைவிடப் பெரிய துயரங்களும் இருந்தன. ஆகஸ்ட் 31 அன்று யூனியன் ஸ்கொயரில் பட்டப்பகலில் வழிப்பறிக்காரன் சுட்டதில் ரிக்கி பியர்சால் மார்பில் குண்டு வாங்கினார். ஏழு வாரத்தில் எழுந்து வந்து ஆடினார் அந்தப் பையன். சார்வேரியஸ் வார்டு ஒரு வயது மகளைப் பறிகொடுத்தார். ட்ரென்ட் வில்லியம்ஸும் தன் குழந்தையை இழந்தார். இந்த மனிதர்கள் மீண்டும் மைதானத்துக்கு வந்ததே பெரிய விஷயம். அவர்களிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

ஆனால் காயம் எல்லாவற்றையும் விளக்கிவிடாது. அதற்காகத்தான் இந்த மடல்.

நான் அமெரிக்கா வந்தது 2011-இல். முதன்முதலாக உட்கார்ந்து முழுதாகப் பார்த்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டம், 2012 ஜனவரி 22 அன்று கேண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்த என்எஃப்சி இறுதி ஆட்டம். ஆபீஸ் நண்பர் ஒருவர் வீட்டுக்கு அழைத்திருந்தார். வெளியே மழை. எனக்கு விதிகளே தெரியாது. அவர் சொல்லிக்கொண்டே வந்தார். நான்காம் குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியில், நியூயார்க் ஜயன்ட்ஸ் ஒரு பன்ட் உதைத்தது. முன்னேற முடியாதபோது பந்தை எதிரணியிடம் தூரமாக உதைத்துக் கொடுப்பதுதான் பன்ட். அது நம் கைல் வில்லியம்ஸின் முழங்காலில் லேசாக உரசியது. அப்படிப் பட்டுவிட்டால் உதைத்த அணியே பந்தை எடுத்துக்கொள்ளலாம். அதை ஜயன்ட்ஸ் எடுத்து டச் டவுன் ஆக்கியது, அதாவது எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஆறு புள்ளி எடுத்தது. கூடுதல் நேரத்தில் இன்னொரு பன்ட்டைப் பிடித்து ஓடும்போது அதே ஆட்டக்காரர் கையிலிருந்து பந்து நழுவியது. 20-17 என்று ஆட்டம் போயிற்று. அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. என் நண்பர் எழுந்துபோய் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கிவிட்டார். இந்த ஆட்டத்தில் உதைக்கிற பந்துக்கு எவ்வளவு எடை உண்டு என்று எனக்கு அன்றைக்கே புரிந்தது.

இதைப் படிக்கும் தமிழ் நண்பர்களுக்காக ஒரு வரி. தாக்குவதற்கு ஒரு குழு, தடுப்பதற்கு ஒரு குழு இருப்பதுபோல, பந்தை உதைக்கும் கட்டங்களுக்கென்று தனிக் குழு ஒன்று இறங்கும். அதைத்தான் ஸ்பெஷல் டீம்ஸ் என்பார்கள். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக இருக்கும்போது யாரும் பேசமாட்டார்கள். ஒரு கேட்ச் விட்டால் உலகக் கோப்பையே போகும்.

உங்களுக்கு இது தெரியாததல்ல, ஐயா. 2022 ஜனவரி 22, கிரீன் பே. முதல் ஆட்டத்தைப் பார்த்துச் சரியாகப் பத்து வருடம். பனி கொட்டுகிறது. உங்கள் தாக்குதல் அணி அன்று ஒரு டச் டவுன்கூட எடுக்கவில்லை. நான்காம் குவார்ட்டரில் ஜோர்டன் வில்லிஸ் பன்ட்டைத் தடுத்தார். அப்போது முதலாண்டு ஆட்டக்காரரான ஹுஃபாங்கா அந்தப் பந்தை அள்ளி எடுத்துக்கொண்டு ஓடினார். ஆட்டம் சமன். கடைசி நொடியில் ராபி கோல்டு 45 யார்டிலிருந்து உதைத்தார். 13-10. ஆரன் ராட்ஜர்ஸின் அணியை, அதன் சொந்த மண்ணில், அந்தக் குளிரில், ஸ்பெஷல் டீம்ஸை மட்டும் வைத்து வென்றீர்கள். அன்று என் மகன் சோஃபா மேல் ஏறி நின்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. சீசனுக்குப் பின் வரும் நாக்அவுட் கட்டமான பிளேஆஃப் ஆட்டங்களில், ராபி கோல்டு தன் வாழ்க்கையில் ஒரு ஃபீல்டு கோலைக்கூட (கம்பங்களுக்கு நடுவே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) தவறவிட்டதில்லை. 29-க்கு 29.

அந்த ராபி கோல்டை ஒரு வருடம் கழித்து விட்டுவிட்டீர்கள். வயதாகிவிட்டது, சரி. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2023-இல், மூன்றாம் சுற்றில், 99-ஆவது தேர்வில், ஜேக் மூடியை எடுத்தீர்கள். கிக்கருக்கு மூன்றாம் சுற்றா என்று பலரும் கேட்டார்கள். எனக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. உதைப்பவனுக்கும் மரியாதை கொடுக்கிறார்களே என்று நினைத்தேன். ஆனால் மரியாதை அந்த ஒரு நாளோடு நின்றுவிட்டது.

லாஸ் வேகஸ் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் குவார்ட்டரில் நீங்கள் 10-6 என்று முன்னால் இருக்கிறீர்கள். கான்சாஸ் சிட்டி உதைத்த பன்ட் டேரெல் லூட்டரின் காலில் பட்டது. பந்து அவர்கள் கைக்குப் போனது. அடுத்த நகர்விலேயே டச் டவுன். நான்காம் குவார்ட்டரில் நீங்கள் டச் டவுன் எடுத்தபோது, அதற்குப் பின் வரும் ஒரு புள்ளி உதையைத் தடுத்துவிட்டார்கள். அந்த ஒரு புள்ளி கணக்கில் இருந்திருந்தால், கடைசி நொடிகளில் அவர்களுக்கு ஃபீல்டு கோல் போதாது, டச் டவுன் வேண்டியிருந்திருக்கும். கூடுதல் நேரத்தில் ஏன் பந்தை முதலில் வாங்கினீர்கள் என்று ஊரே உங்களைத் திட்டியது, திரு. ஷனஹான். நான் அதைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படவில்லை. காலில் பட்ட பந்தும் தடுக்கப்பட்ட உதையும்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அந்தத் தோல்விக்குப் பின் யாரை மாற்றினீர்கள்? தடுப்புப் பயிற்சியாளர் ஸ்டீவ் வில்க்ஸை. மூன்றே நாளில். அவரது தடுப்பு அணி அந்த ஆட்டத்தின் நான்கு குவார்ட்டரிலும் சேர்த்து, கான்சாஸ் சிட்டியின் தாக்குதலை நடத்தும் மஹோம்ஸை 19 புள்ளியில் நிறுத்தியிருந்தது. ராபர்ட் சாலே, டிமெக்கோ ரயன்ஸ், வில்க்ஸ், நிக் சோரன்சன் என்று ஐந்து சீசனில் நான்கு தடுப்புப் பயிற்சியாளர்கள். முதல் இருவரும் தலைமைப் பயிற்சியாளர்களாக உயர்ந்து போனவர்கள், அது உங்களுக்குப் பெருமை. ஆனால் வில்க்ஸை ஒரே ஆண்டில் அனுப்பினீர்கள். சோரன்சனும் இப்போது அந்தப் பொறுப்பில் இல்லை. ஸ்பெஷல் டீம்ஸ் மட்டும் அப்படியே 2024-க்குள் வந்தது.

வந்து என்ன ஆயிற்று? இரண்டாவது வாரம் மினசோட்டாவில் பன்ட் தடுக்கப்பட்டது. மூன்றாவது வாரம் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியினர் பன்ட் உதைப்பதுபோல் நின்று பந்தை எறிந்து ஏமாற்றினார்கள். அந்த ஆட்டத்தில் நான்காம் குவார்ட்டரில் 24-14 என்று முன்னால் இருந்தீர்கள். மூடி ஒரு நீண்ட உதையைத் தவறவிட்டார். அப்புறம் ஒரு பன்ட்டைப் பிடித்துக்கொண்டு ராம்ஸ் ஆள் உங்கள் பக்கம் வெகுதூரம் ஓடிவந்தார். 27-24 என்று முடிந்தது. சியாட்டிலில் ஆட்டம் வென்றீர்கள், ஆனாலும் அவர்களின் லவிஸ்கா ஷெனோ உங்கள் கிக்ஆஃபை (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதையை) அப்படியே எடுத்துக்கொண்டு டச் டவுன் வரை ஓடினார்.

அக்டோபர் 6 அன்று நானும் என் மகனும் அரங்கத்தில் இருந்தோம். கிழக்குப் பக்க இருக்கை. அந்தப் பக்கம் மதிய ஆட்டத்தில் வெயில் எப்படி அடிக்கும் என்று உங்கள் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். பாதி நேரத்தில் அரிசோனாவை 23-10 என்று முந்தியிருந்தோம். அதற்குள் ஒரு விஷயம் நடந்திருந்தது. கிக்ஆஃபில் உங்கள் ஆட்களையெல்லாம் தாண்டி ஓடிவந்த ஆளைத் தடுக்க, கிக்கர் ஜேக் மூடியே பாய வேண்டி வந்தது. கணுக்கால் சுளுக்கிக்கொண்டார். மீதி ஆட்டத்துக்கு பன்ட் உதைக்கும் மிட்ச் விஷ்னோவ்ஸ்கிதான் ஃபீல்டு கோலும் உதைக்க வேண்டிய நிலை. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட வரவில்லை. வெற்றியை உறுதி செய்ய வேண்டிய நேரத்தில் ஜோர்டன் மேசன் கையிலிருந்து பந்து நழுவியது. 24-23. திரும்பி நடக்கும்போது என் மகன், மூடி திரும்ப எப்போது வருவார் என்றுதான் கேட்டான்.

மூடி மூன்று ஆட்டம் கழித்துத் திரும்பினார். திரும்பியவர் பழைய மூடி இல்லை. டாம்பா பேயில் ஒரே ஆட்டத்தில் மூன்று உதைகள் வெளியே போயின. கடைசி நொடியில் வெற்றி உதையைச் சரியாக உதைத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஓரக்கோட்டில் டீபோ சாமுவேல் அவரிடம் கோபப்பட்டு, குறுக்கே வந்த சக ஆட்டக்காரர் டேபர் பெப்பர் மேல் கைவைத்ததைத் தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. சீசன் முடிவில் மூடியின் கணக்கு 34-க்கு 24. நுனிக்காலில் நிற்கும் வேலை அது. காயம் ஆறுவதற்குள் அழைத்துவந்தீர்களா, ஆறியபின் மனம் ஆறியதா என்று யாராவது அவரோடு உட்கார்ந்து பேசினீர்களா? 2012-இல் கைல் வில்லியம்ஸுக்குக் கொலைமிரட்டல் விட்டவர்கள் இந்த ஊர் ரசிகர்களிலும் இருந்தார்கள். அந்த வெட்கம் எனக்கு இன்னும் உண்டு. மூடிக்கு அது நேரக்கூடாது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவரை அப்படித் தனியாக நிற்கவிட்டவர்களிடம்தான் கேட்கிறேன்.

நவம்பர் 17 அன்று சியாட்டிலோடு நம் சொந்த அரங்கத்தில் ஆட்டம். 17-13 என்று முன்னால் இருந்தோம். 12 நொடி மிச்சம் இருக்கும்போது, 34 வயது ஜீனோ ஸ்மித் 13 யார்டு தானே ஓடி டச் டவுன் வைத்தார். 20-17.

இந்த மூன்று ஆட்டங்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். ராம்ஸிடம் 3 புள்ளி, அரிசோனாவிடம் 1, சியாட்டிலிடம் 3. மொத்தம் ஏழே புள்ளிகள். மூன்றிலும் நாம் முன்னால் இருந்தோம். மூன்றும் நம் பிரிவு ஆட்டங்கள். இவற்றை வென்றிருந்தால் நமக்கு 9-8. 10-7 என்று பிரிவை வென்ற ராம்ஸும், அதே 10-7 எடுத்த சியாட்டிலும் தலா ஒரு ஆட்டம் இழந்து 9-8 ஆகியிருப்பார்கள். மெக்காஃப்ரி இல்லாமலே, ஐயுக் இல்லாமலே, கிரீன் பேயில் 38-10 என்றும் பஃபலோவில் 35-10 என்றும் வாங்கிய அடியையும் சேர்த்தே, மூன்று அணிகள் சமமாக நின்றிருக்கும். அதனால்தான் காயத்தின் மேல் எல்லாப் பழியையும் போட என் மனம் ஒப்பவில்லை. ராம்ஸ், அரிசோனா தோல்விகள் ஐயுக் விழுவதற்கு முன்பே நடந்தவை.

கோடைக்காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐயுக் ஒப்பந்தம் ஏப்ரல், மே, ஜூன், ஜூலை என்று இழுத்து, ஆகஸ்ட் 30-இல்தான் கையெழுத்தானது. நான்கு ஆண்டுக்கு 12 கோடி டாலர். ட்ரென்ட் வில்லியம்ஸ் ஒப்பந்தம் செப்டம்பரில், முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு. இருவரும் பயிற்சி முகாமில் ஒரு நாள்கூட ஆடவில்லை. ஐயுக் இந்த சீசனில் ஆடிய ஏழு ஆட்டத்திலும் ஒரு டச் டவுன் இல்லை. கடைசியில் கொடுக்கப்போகிற பணத்தை மே மாதமே கொடுத்திருந்தால் என்ன குறைந்திருக்கும்? பேரம் பேசுவது உங்கள் தொழில், அது தெரியும். ஆனால் 2019-இலிருந்து ஒன்றாக உண்டு, உறங்கி, தோற்று எழுந்தவர்கள் அந்த அறையில் இருந்தார்கள். ஒருவர் கணக்கு முடிகிறவரை எல்லோர் மனமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். கூட்டுக்குடும்பத்தில் சொத்துப் பேச்சு நடக்கும் வீடு மாதிரி.

டிசம்பர் 12-ஐ நான் எழுதவே விரும்பவில்லை. மழையில் ராம்ஸிடம் 12-6. பத்து மாதத்துக்கு முன் சூப்பர் பவுலில் மைதானத்துக்குள் ஓடிவரும்போதே குதிகால் தசைநார் அறுந்த டிரே கிரீன்லா அன்றுதான் திரும்பிவந்து, பசித்தவர் மாதிரி ஆடினார். அவர் முடியாமல் வெளியே போனபோது, இடத்தை நிரப்ப வேண்டிய டிவாண்ட்ரே கேம்பல் இறங்க மறுத்தார். நீங்கள் அவரை இடைநீக்கம் செய்தது சரிதான்.

இப்போது ஸ்பெஷல் டீம்ஸ் பயிற்சியாளர் பிரையன் ஷ்னைடரை அனுப்பிவிட்டீர்கள். ஒரு வருடம் தாமதம் என்பது என் கருத்து. ஆனால் ஆளை மாற்றினால் மட்டும் இது தீராது, திரு. லின்ச். 53 பேர் பட்டியலில் கடைசி ஏழெட்டு இடங்களை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது விஷயம். ஓடிப்போய் மோதுவதற்கென்றே பிறந்த பையன்கள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள். குறைந்த சம்பளத்துக்கு வருவார்கள். அவர்களை எடுங்கள். 2024 டிராஃப்டில் எடுத்த டொமினிக் பூனி, மலிக் முஸ்தஃபா, ரெனார்டோ கிரீன் மூவருமே நல்ல பிள்ளைகள், உங்கள் கண் இன்னும் மங்கவில்லை என்பதற்கு அவர்களே சாட்சி. அதே கண்ணால் பன்ட் தடுக்கும் ஆட்களையும் தேடுங்கள்.

மூடிக்கு முகாமில் போட்டியாக இன்னொரு கிக்கரைக் கூப்பிடுங்கள். நேர்மையாக உதைக்கவிடுங்கள். மூடி ஜெயித்தால் முழு மனதோடு அவர் பின்னால் நில்லுங்கள். தோற்றால் கைகொடுத்து அனுப்புங்கள். அரைமனதாக வைத்துக்கொண்டு ஓரக்கோட்டில் மற்றவர்கள் முறைக்கவிடுவது மட்டும் வேண்டாம்.

அடுத்தது உங்கள் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் பிராக் பர்டி. 2022 டிராஃப்டின் கடைசி ஆள், 262-ஆவது தேர்வு. இந்த சீசன் வரை குவார்ட்டர்பேக் கூலியிலேயே அடிமட்டத்தில் ஆடியவர். அவருக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுக்க இந்த மாதத்திலிருந்து விதி இடம் தருகிறது. எவ்வளவு கொடுப்பது என்று சொல்ல நான் யார்? மே மாதத்துக்குள் முடியுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். இன்னொரு ஆகஸ்ட் 30 எங்களால் தாங்காது.

திரு. ஷனஹான், உங்களை அனுப்ப வேண்டும் என்று வானொலியில் பேசுகிறவர்களோடு நான் இல்லை. 2017, 2018-இல் 6-10, 4-12 என்று கிடந்த அணியைத் தூக்கி நிறுத்தியது நீங்களும் திரு. லின்ச்சும்தான். திரு. யார்க், அவர்களை அன்று பொறுத்தீர்கள், அதனால்தான் நாங்கள் நான்கு இறுதி ஆட்டங்களைப் பார்த்தோம். இப்போதும் பொறுங்கள். கேட்பதைக் கேளுங்கள், ஆனால் பொறுங்கள். ஷனஹான் அவர்களே, திங்கட்கிழமைக் கூட்டத்தில் தாக்குதல் ஆட்ட வீடியோவுக்கு முன்னால் பன்ட் வீடியோவைப் போடுங்கள். நீங்களே போடுங்கள், உதவிப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு வெளியே போகாதீர்கள். தலைமைப் பயிற்சியாளர் எதைப் பார்க்கிறாரோ அதைத்தான் ஆட்டக்காரர்களும் பார்ப்பார்கள்.

ஜார்ஜ் கிட்டில் இந்தச் சரிந்துபோன சீசனிலும் 1,106 யார்டு எடுத்தார். வார்னர் முறிந்த காலோடு ஆடினார். அவர்களுக்கு இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம் இருக்கிறது என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. 2026 பிப்ரவரியில் சூப்பர் பவுல் நம் லீவைஸ் அரங்கத்திலேயே நடக்கப்போகிறது. அன்று டாஸ்மன் டிரைவை அடைத்துவிடுவார்கள், நாங்கள் வீட்டிலிருந்து நடந்தே வருவோம்.

என் மகன் பின்கட்டில் இரண்டு மூங்கில் கம்பை நட்டுவைத்திருக்கிறான். பள்ளி விட்டு வந்ததும் அதற்கு நடுவே பந்தை உதைக்கிறான். சட்டையில் எண் 4. மூடியின் எண். பள்ளியில் கேலி செய்கிறார்கள், ஆனாலும் மாற்றமாட்டேன் என்கிறான்.

அன்புடன்,
சன்னிவேல் ரசிகன்